தரவுத்தளமும் ரிஜால் கலையும் – ஒரு வரலாற்று நோக்கு

கணினித் துறையில் முதுகலைப் பட்டம் பயிலும் மாணவர்களின் பாடத்திட்டத்தில் தரவுத்தள வடிவமைப்பு என்னும் பாடம் தவறாமல் இடம்பெறுகின்றது. அதன் தொடர்ச்சியாக, ஒரு பெரிய நிறுவனத்தின் எல்லாப் பிரிவுகளிலும் சிதறிக் கிடக்கும் தரவுகளை ஒழுங்குபடுத்தி ஆளும் முறையும் கற்பிக்கப்படுகின்றது. ஆரக்கிள், எஸ்.கியூ.எல். போன்ற பெயர்களை நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்லக் கேட்கும் பெற்றோர் பலர், இது ஏதோ ஓர் இயந்திரத்தை இயக்கும் பயிற்சி என்றே எண்ணுகின்றனர். மாணவர்களிலும் கணிசமானோர் அவ்வாறே எண்ணிப் படித்துத் தேறிவிடுகின்றனர்.

ஆனால் இக்கலையின் அடித்தளத்தில் உள்ள வினாக்கள் இயந்திரம் பற்றியவை அல்ல. எதனைத் தனியொரு பொருள் என்று கொள்வது? ஒருவரை மற்றொருவரிடமிருந்து எதனால் பிரித்தறிவது? ஒரு செய்தியை எத்தனை இடங்களில் எழுதி வைப்பது? தெரியாத ஒன்றை எவ்வாறு பதிவு செய்வது? இவ்வினாக்கள் கணினிக்கு முந்தியவை. ஏடும் எழுதுகோலும் கொண்டு பல்லாயிரம் மனிதர்களைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்த எவரும் இவற்றை எதிர்கொண்டே தீர வேண்டியிருந்தது. நம் ஹதீஸ் கலை அறிஞர்களும் எதிர்கொண்டனர்.

இக்கட்டுரையில் தரவுத்தளக் கலை வளர்ந்த வரலாற்றை முதலில் சுருக்கமாகக் காண்போம். பின்னர் ரிஜால் நூல்களின் அமைப்பை அதன் அருகில் வைத்து நோக்குவோம். இன்றைய கண்டுபிடிப்புகள் யாவும் நம் முன்னோரிடம் இருந்தன என்று நிறுவுவது நம் நோக்கமன்று. அத்தகைய வாதங்களால் முன்னோருக்குப் பெருமை சேர்வதில்லை; இன்றைய மாணவருக்குப் பயனும் விளைவதில்லை. ஒரே இடர்ப்பாட்டை இரு வேறு காலத்தினர் எவ்வாறு அணுகினர் என்பதே நாம் காண விழைவது.

அட்டையும் தட்டும்

அமெரிக்காவில் 1880-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கைத் தொகுத்து முடிக்க ஏழெட்டு ஆண்டுகள் பிடித்தன. அடுத்த கணக்கெடுப்பு வருவதற்குள் முந்தையது முடியாமல் போய்விடுமோ என்னும் நிலை. ஹெர்மன் ஹாலரித் என்னும் பொறியாளர், ஒவ்வொரு மனிதரைப் பற்றிய விவரத்தையும் ஓர் அட்டையில் துளைகளாக இட்டு, அத்துளைகளை மின்சாரத்தால் எண்ணும் பொறியை அமைத்தார். 1890-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது பயன்பட்டது. அவர் 1896-இல் தொடங்கிய நிறுவனம் 1911-இல் வேறு நிறுவனங்களுடன் இணைந்து, 1924-இல் ஐ.பி.எம். என்னும் பெயரைப் பெற்றது. 1928-இல் அந்நிறுவனம் வெளியிட்ட அட்டையில் 80 பத்திகள் இருந்தன. ஒரு மனிதரைப் பற்றியோ ஒரு கொள்முதலைப் பற்றியோ சொல்ல வேண்டிய அனைத்தையும் எண்பது எழுத்துகளுக்குள் சுருக்க வேண்டும் என்னும் கட்டாயம் பல பத்தாண்டுகள் நீடித்தது. அக்கட்டாயத்தின் விளைவொன்றைப் பின்னர்க் காண்போம்.

அட்டையும் அதன்பின் வந்த காந்த நாடாவும் வரிசையாக மட்டுமே படிக்கத் தக்கவை. ஆயிரமாவது பதிவைக் காண 999 பதிவுகளைக் கடந்தாக வேண்டும். 1956-இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய ராமாக் என்னும் கணினியில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. ஐம்பது இலட்சம் எழுத்துகள் அதில் அடங்கின. இன்று நம் சட்டைப்பையில் உள்ள கைபேசியோடு ஒப்பிட இது ஒன்றுமில்லை. எனினும், வேண்டிய பதிவை நேரே சென்று எடுக்கலாம் என்னும் வசதியே தரவுத்தளம் என்னும் கருத்துக்கு வாயில் திறந்தது.

பதிவிலிருந்து பதிவுக்குப் பயணம்

1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றிய சார்லஸ் பாக்மன், ஐ.டி.எஸ். என்னும் அமைப்பை உருவாக்கினார். ஒரு பதிவிலிருந்து அதனோடு தொடர்புடைய அடுத்த பதிவுக்குச் சங்கிலிபோல் சுட்டுகள் இருக்கும். நிரல் எழுதுபவர் அச்சுட்டுகளைப் பற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடந்து செல்வார். 1973-இல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருதைப் பெற்றபோது அவர் ஆற்றிய உரையில், நிரலாளரைக் கடலோடிக்கு ஒப்பிட்டார். கடல் என்பது தரவு. அதில் வழி அறிந்து செல்பவரே நிரலாளர்.

இதே காலத்தில் மனிதனை நிலவுக்கு அனுப்பும் அப்போலோ திட்டம் நடைபெற்றுக்கொண்டிருந்தது. அதற்குரிய ஏவூர்தியின் எண்ணற்ற உறுப்புகளைக் கணக்கில் வைக்கும் பொருட்டு, ஐ.பி.எம். நிறுவனத்தாரும் ராக்வெல், கேட்டர்பில்லர் நிறுவனத்தாரும் 1966-இல் ஒரு பணியைத் தொடங்கினர். ஐ.எம்.எஸ். என்று பின்னர்ப் பெயர்பெற்ற அவ்வமைப்பு 1968 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது. அதில் தரவு மரவடிவில் அமைந்தது. பெரிய பாகத்தின் கீழ்ச் சிறிய பாகங்கள், அவற்றின் கீழ் இன்னும் சிறியவை. உறுப்புகளைப் பிரித்துக் காட்ட இது பொருத்தமானதே. ஆனால் ஒரே திருகாணி பத்து வெவ்வேறு பாகங்களில் பயன்படுமானால், மரத்தின் பத்துக் கிளைகளில் அதை எழுத வேண்டிவரும். அல்லது மரத்தின் இயல்புக்கு மாறான தனி ஏற்பாடுகள் தேவைப்படும்.

இவ்விரு முறைகளுக்கும் பொதுவான குறை ஒன்று இருந்தது. தரவு இயந்திரத்துக்குள் எவ்வாறு அடுக்கப்பட்டிருக்கிறது என்பதை அறிந்தவரே அதிலிருந்து விடை பெற முடியும். அடுக்கும் முறையை மாற்றினால், அதை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் அனைத்தும் செயலிழக்கும். நூலகத்தில் அலமாரியின் இடத்தை மாற்றியதும் நூல்களைப் பற்றிய வாசகரின் அறிவு முழுவதும் பயனற்றுப் போவதை ஒத்தது இது.

காட் செய்த மாற்றம்

இக்குறையை நீக்கியவர் எட்கர் ஃபிராங்க் காட். இங்கிலாந்தின் போர்ட்லண்டில் 1923-இல் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் பயின்று, இரண்டாம் உலகப்போரில் விமானியாகப் பணியாற்றியவர். 1948-இல் ஐ.பி.எம்.மில் சேர்ந்தார். அமெரிக்காவில் மெக்கார்த்தியின் அரசியல் வேட்டை நடைபெற்ற காலத்தில் அதை வெறுத்து 1953-இல் கனடாவுக்குச் சென்று, சில ஆண்டுகள் கழித்தே திரும்பினார். நாற்பது வயதைக் கடந்தபின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரிலுள்ள ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அங்கிருந்தபோது 1970 ஜூனில் அவர் வெளியிட்ட, பத்துப் பன்னிரண்டு பக்கங்களே கொண்ட ஆய்வுரை இத்துறையின் போக்கை மாற்றியது.

அவ்வுரையின் சாரம் இது. பயன்படுத்துபவர் கேட்க வேண்டியது தமக்கு என்ன வேண்டும் என்பதை மட்டுமே. அது எங்கே, எவ்வாறு வைக்கப்பட்டுள்ளது என்பது அவர் கவலை அன்று. தரவு அனைத்தையும் எளிய அட்டவணைகளாகக் கொள்ளலாம். ஒவ்வொரு வரியும் ஒரு மெய்க்கூற்று. எந்த வரியையும் மற்ற வரிகளிலிருந்து தனித்தறிய உதவும் திறவு ஒன்று அதற்குள்ளேயே இருக்க வேண்டும்.

காட் தம் முறைக்கு ரிலேஷனல் மாடல் என்று பெயரிட்டார். தமிழில் இதைத் தொடர்புசார் மாதிரி என்பர். அட்டவணைகளுக்கிடையே தொடர்பு இருப்பதால் இப்பெயர் வந்தது என்று மாணவர் பலர் கருதுகின்றனர். அது சரியன்று. ரிலேஷன் என்பது கணக் கோட்பாட்டில் வழங்கும் கலைச்சொல். ஓர் அட்டவணைதான் ஒரு ரிலேஷன். கலைச்சொல்லை அகராதிப் பொருளில் கொள்வதால் நேரும் பிழை எல்லாக் கல்வியிலும் உண்டு என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

அடுத்த ஆண்டுகளில் காட் வகுத்த இயல்பாக்க விதிகளை, நமக்கு அறிமுகமான ஒரு சூழலில் வைத்து விளக்குவோம். ஓர் அரபுக் கல்லூரியில் ஒரே பேரேடு இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு வரியிலும் மாணவர் பெயர், அவர் ஓதும் கிதாபு, அதை நடத்தும் உஸ்தாத், உஸ்தாதின் முகவரி ஆகியவை எழுதப்படுகின்றன. ஓர் உஸ்தாதிடம் நாற்பது மாணவர் ஓதினால் அவருடைய முகவரி நாற்பது முறை எழுதப்படும். அவர் வீடு மாறினால் நாற்பது இடங்களில் திருத்த வேண்டும். மூன்று இடங்கள் விடுபட்டால் ஒரே ஏட்டில் ஒரே மனிதருக்கு இரு முகவரிகள் இருக்கும். எது மெய் என்பதை ஏடு சொல்லாது. புதிதாக வந்த உஸ்தாதுக்கு இன்னும் மாணவர் ஒதுக்கப்படவில்லை என்றால், அவரை எழுத இடமே இல்லை. ஒரு கிதாபை ஓதிய கடைசி மாணவர் விலகி அவருடைய வரி நீக்கப்பட்டால், அந்தக் கிதாபை நடத்தியவர் யார் என்னும் செய்தியும் உடன் அழிந்துவிடும்.

இம்மூன்று கேடுகளுக்கும் காரணம் ஒன்றே. முகவரி என்பது உஸ்தாதைச் சார்ந்த செய்தி. அதை மாணவரின் வரியில் எழுதியதே பிழை. மாணவருக்கு ஓர் அட்டவணை, உஸ்தாதுக்கு ஓர் அட்டவணை, யார் யாரிடம் எதை ஓதுகின்றார் என்பதற்கு ஓர் அட்டவணை என்று பிரித்தால், ஒவ்வொரு செய்தியும் அதற்குரிய ஓரிடத்தில் மட்டும் நிற்கும். எந்தச் செய்தி எதைச் சார்ந்தது என்பதை அறிவதே இயல்பாக்கத்தின் உயிர். அதைக் கணினி அறியாது. கல்லூரியின் நடைமுறையை அறிந்த மனிதரே அறிவார்.

காட்டின் கருத்து உடனே ஏற்கப்படவில்லை. ஐ.எம்.எஸ். நல்ல வருவாய் தந்துகொண்டிருந்ததால் அவருடைய நிறுவனமே தயக்கம் காட்டியது. அட்டவணை முறை நடைமுறையில் மிக மெதுவாக இயங்கும் என்றனர் பலர். 1974-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் நடந்த மாநாட்டில், பாக்மன் தரப்பும் காட் தரப்பும் நேருக்கு நேர் வாதிட்டன. அதே காலத்தில் சான் ஹோசேயில் சிஸ்டம் ஆர் என்னும் ஆய்வுத் திட்டமும், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், யூஜின் வாங் ஆகியோரின் இங்க்ரெஸ் திட்டமும், இம்முறை வேகமாகவும் இயங்கும் என்பதைச் செய்து காட்டின. டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் ஆகியோர் 1974-இல் வடிவமைத்த வினவல் மொழியே பின்னர் எஸ்.கியூ.எல். ஆயிற்று. அதைக் கொண்டு முதலில் வணிகச் சந்தைக்கு வந்தது ஐ.பி.எம். அன்று; 1977-இல் தொடங்கப்பட்ட ஒரு சிறு நிறுவனம் 1979-இல் வெளியிட்ட ஆரக்கிள் என்னும் மென்பொருள். ஐ.பி.எம்.மின் டி.பி.2 வந்தது 1983-இல்தான். காட் 1981-இல் டூரிங் விருது பெற்று, 2003-இல் மறைந்தார்.

இடையில் 1976-இல் பீட்டர் சென் என்பார், அட்டவணை வரைவதற்கு முன்னரே, நாம் பேசும் உலகில் உள்ள பொருள்கள் யாவை, அவற்றிடையே உள்ள உறவுகள் யாவை என்று படம் வரைந்து தெளியும் முறையை வகுத்தார். இன்றும் முதுகலை மாணவரின் முதற்பாடம் அப்படத்தை வரைவதேயாகும்.

ஒருவரா, இருவரா?

எண்பதுகளின் இறுதிக்குள் ஒவ்வொரு நிறுவனத்திலும் பல தரவுத்தளங்கள் பெருகிவிட்டன. விற்பனைப் பிரிவுக்கு ஒன்று, கணக்குப் பிரிவுக்கு ஒன்று, ஊழியர் பிரிவுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தன்னளவில் ஒழுங்கானது. ஆனால் ஒன்றையொன்று அறியாது. சிதறிய இவற்றிலிருந்து திரட்டி, காலவாரியாக ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் தரவுக் கிடங்கு என்னும் கருத்தை 1988-இல் பேரி டெவ்லின், பால் மர்பி ஆகியோர் விளக்கினர். பில் இன்மன் 1992-இலும், ரால்ஃப் கிம்பால் 1996-இலும் வெளியிட்ட நூல்கள் அதைத் தனிக் கல்வித் துறையாகவே ஆக்கின.

திரட்டத் தொடங்கியதும் பழைய இடர் புதிய வடிவில் எழுந்தது. விற்பனை ஏட்டில் உள்ள ஒருவரும் கணக்கு ஏட்டில் உள்ள ஒருவரும் ஒரே மனிதரா, இருவரா? இரண்டு ஏடுகளிலும் திறவு எண்கள் வேறு வேறு. பெயர் ஒன்றுபோல் இருக்கின்றது. முகவரி சற்று மாறியுள்ளது. என் செய்வது?

இவ்வினாவுக்குக் கணித வடிவில் விடை தேடியவர்கள் கனடா நாட்டினர். அணுக்கதிரின் பரம்பரை விளைவுகளை ஆராய விரும்பிய ஹோவர்ட் நியூகோம்ப் என்னும் அறிஞர், திருமணப் பதிவுகளையும் பிறப்புப் பதிவுகளையும் கணினியால் இணைக்கும் முறையைத் தம் குழுவினருடன் 1959-இல் வெளியிட்டார். அரிதான பெயர் இரு பதிவுகளில் ஒத்திருந்தால் அது வலுவான சான்று. பரவலான பெயர் ஒத்திருந்தால் வலுக் குறைந்த சான்று என்பது அவர் கண்ட நெறிகளுள் ஒன்று. 1969-இல் இவான் ஃபெலேகி, ஆலன் சன்டர் என்னும் இருவர் இதற்கு முழுமையான கோட்பாடு வகுத்தனர். அதில் இரு பதிவுகளை ஒப்பிட்டபின் வழங்கத்தக்க தீர்ப்புகள் மூன்று. இவை ஒருவருடையவை என்பது முதல் தீர்ப்பு. இவை இருவருடையவை என்பது இரண்டாவது. துணிய இயலவில்லை, மனிதர் ஒருவர் நேரில் ஆராய்க என்பது மூன்றாவது. இம்மூன்றாம் தீர்ப்பை வாசகர் நினைவில் இருத்த வேண்டுகிறோம்.

ரிஜால் நூல்களின் அமைப்பு

இவ்விடத்தில் மதரஸாக் கல்வி பெற்ற எவருக்கும் அஸ்மாவுர் ரிஜால் கலை நினைவுக்கு வராமல் இராது. ஓர் அறிவிப்பாளர் நம்பகமானவரா என்று ஆராய்வதற்கு முன், அவர் யார் என்பது உறுதியாக வேண்டும். நம்பகமான ஒருவரும் பலவீனமான ஒருவரும் ஒரே பெயர் கொண்டிருந்தால், ஆளை மாற்றிக் கருதிய ஒரு பிழையால் பலவீனமான செய்தி சரியானதாகிவிடும். சரியான செய்தி தள்ளப்பட்டுவிடும். ஆகவே இக்கலையில் பெயராய்வு ஓர் அலங்காரமன்று, மார்க்கச் சட்டத்தின் அடிப்படையைத் தொடும் பொறுப்பு.

ஹாஃபிழ் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ், ஹி. 773–852) அவர்களின் 'தக்ரீபுத் தஹ்தீப்' நூலை எடுத்துக்கொள்வோம். ஆறு ஹதீஸ் நூல்களிலும் அவற்றின் ஆசிரியர்களுடைய வேறு சில நூல்களிலும் வரும் 8000-க்கும் மேற்பட்ட அறிவிப்பாளர்கள் அதில் உள்ளனர். ஒவ்வொருவருக்கும் ஓரிரு வரிகள்தாம். பெயர், தந்தை பெயர், குன்யத், நிஸ்பத், எழுத்தில் ஐயம் எழக்கூடிய இடத்தில் உச்சரிப்பு, நம்பகத்தின் தரம், தலைமுறை, இறப்பாண்டு என்று பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் செய்திகள் அமையும். அவருடைய அறிவிப்பு எந்த நூலில் உள்ளது என்பதற்கு ஒற்றை எழுத்துக் குறியீடு: புகாரீக்கு 'கா', முஸ்லிமுக்கு 'மீம்', இப்னு மாஜாவுக்கு அவருடைய ஊரான கஸ்வீனைக் குறிக்கும் 'காஃப்', ஆறிலும் இருந்தால் 'ஐன்'. நம்பகத்தின் தரங்கள் 12, தலைமுறைகள் 12 என்று முன்னுரையிலேயே வரையறுத்துவிடுகின்றார். ஒவ்வொரு கட்டத்திலும் எழுதத்தக்க மதிப்புகள் எவை என்று முன்கூட்டியே வகுத்து விளக்கிய பின்னரே ஏட்டைத் திறக்கின்றார்.

இந்நூலின் ஒரு நுட்பம் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. சுருக்கம் கருதி, இறப்பாண்டில் நூற்றாண்டை அவர் எழுதுவதில்லை. சுஃப்யானுஸ் ஸவ்ரீ (ரஹ்) அவர்களின் இறப்பு அறுபத்தொன்று என்றிருக்கும்; இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் இறப்பு ஐம்பத்தாறு என்றிருக்கும். ஆயினும் குழப்பம் நேராது. முதல் இரண்டு தலைமுறையினர் நூறுக்கு முன் இறந்தவர்கள். மூன்று முதல் எட்டு வரையினர் நூறுக்குப் பின். ஒன்பது முதல் பன்னிரண்டு வரையினர் இருநூறுக்குப் பின். இதற்கு மாறானவரைத் தனியே சுட்டுவேன் என்று முன்னுரையில் விதி தந்துள்ளார். சுஃப்யான் ஏழாம் தலைமுறை, எனவே 161. புகாரீ பதினோராம் தலைமுறை, எனவே 256. ஒரு கட்டத்தின் மதிப்பிலிருந்து மற்றொன்றின் விடுபட்ட பகுதி பெறப்படுகின்றது. விதியும் நூலுக்குள்ளேயே எழுதி வைக்கப்பட்டுள்ளது.

இதனை இருபதாம் நூற்றாண்டுக் கணினிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். எண்பது பத்தி அட்டையில் இடம் மிச்சம் பிடிக்க, நிரலாளர்களும் நூற்றாண்டை விட்டுவிட்டு ஆண்டை இரண்டு இலக்கங்களில் எழுதினர். அட்டை மறைந்து, இடம் மலிந்த பின்னரும் அவ்வழக்கம் நீடித்தது. ஆனால் விடுபட்டதை மீட்டெடுக்கும் விதியை எங்கும் எழுதி வைக்கவில்லை. எல்லாம் 1900-களே என்பது சொல்லப்படாத அனுமானமாக இருந்தது. 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது, 00 என்பது 1900 ஆகிவிடும் என்னும் அச்சம் உலகெங்கும் எழுந்தது. பழைய நிரல்களை வரி வரியாகத் தேடித் திருத்தும் பணியில் நம் நாட்டுப் பொறியாளர்கள் பெருமளவில் ஈடுபட்டனர். அவ்வுழைப்பாலேயே பெருங்கேடு தவிர்க்கப்பட்டது. இரு சாராரும் சுருக்கினர். சுருக்கத்தின் விதியைப் பதிந்து, விதிவிலக்கையும் குறித்து வைத்தது ஒரு சாரார் மட்டுமே.

சேர்த்தலும் பிரித்தலும்

பெயர் ஒன்றாகவும் ஆள் வேறாகவும் இருப்பதை ஆராயும் பிரிவுக்கு 'முத்தஃபிக் வல் முஃப்தரிக்' என்று பெயர். அப்பெயரில் தனி நூலே எழுதியவர் கதீப் அல்பக்தாதீ (ரஹ், ஹி. 392–463). இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) இப்பிரிவுக்குத் தரும் எடுத்துக்காட்டில், தம் பெயரும் தந்தை பெயரும் கலீல் இப்னு அஹ்மத் என்றே அமைந்த ஆறு பேர் வருகின்றனர். எழுத்தில் ஒன்றுபோல் தோன்றி உச்சரிப்பில் வேறுபடும் பெயர்களுக்கு 'முஃதலிஃப் வல் முக்தலிஃப்' என்னும் பிரிவு. இதில் தாரகுத்னீ (ரஹ்) முன்னோடி. ஸலாம் என்றும் ஸல்லாம் என்றும் படிக்கத்தக்க ஒரே எழுத்துருவை எந்த ஆளுக்கு எவ்வாறு படிப்பது என்று அவர்கள் ஒவ்வொருவராக வரையறுத்தனர்.

கதீப் (ரஹ்) அவர்களின் மற்றொரு நூல் 'மூளிஹு அவ்ஹாமில் ஜம்இ வத்தஃப்ரீக்'. சேர்ப்பதிலும் பிரிப்பதிலும் நேர்ந்த மயக்கங்களைத் தெளிவுறுத்துவது என்பது அதன் பொருள். இருவரை ஒருவர் என்று சேர்த்துவிடுவது ஒரு பிழை; ஒருவரை இருவர் என்று பிரித்துவிடுவது மற்றொரு பிழை. இமாம் புகாரீ (ரஹ்) போன்ற பெருமக்களின் வரலாற்று நூல்களில் நேர்ந்தவை என்று தாம் கருதியவற்றையும் உரிய மரியாதையோடு அவர் எடுத்துக்காட்டினார். இன்று நிறுவனத் தரவு மேலாண்மையில் அளந்து பார்க்கப்படும் இருவகைப் பிழைகளும் இவையே.

பெயரால் துணிய முடியாதபோது அவர்கள் எதைக் கொண்டு துணிந்தனர்? ஸஹீஹுல் புகாரீயின் முதல் ஹதீஸையே பாருங்கள். ஹுமைதீ அவர்கள் சுஃப்யானிடமிருந்து அறிவிக்கின்றார். எந்த சுஃப்யான்? ஸவ்ரீயா, இப்னு உயைனாவா? இருவரும் இமாம்கள், இருவருக்கும் பொதுவான ஆசிரியர்களும் உண்டு. ஸவ்ரீ ஹி. 161-இலும் இப்னு உயைனா 198-இலும் இறந்தனர். ஹுமைதீயோ மக்காவில் இப்னு உயைனாவிடம் நெடுங்காலம் பயின்று 219-இல் இறந்தவர். ஆகவே இவர் இப்னு உயைனாவே. ஒரு பெயரின் அடையாளம் அதனைச் சூழ்ந்த உறவுகளால் நிறுவப்படுகின்றது. ஹாஃபிழ் மிஸ்ஸீ (ரஹ்) 'தஹ்தீபுல் கமால்' நூலில் ஒவ்வொருவருக்கும் ஆசிரியர் பட்டியலும் மாணவர் பட்டியலும் தந்ததன் பெரும்பயன் இதுவே. நூல் என்பது ஒரே வரிசையில் படிக்கப்படுவதாகையால், ஒரே உறவை ஆசிரியரின் கீழும் மாணவரின் கீழும் இருமுறை எழுத வேண்டியிருந்தது. காட்டின் முறையில் அதை ஒருமுறை எழுதி இரு புறமிருந்தும் வினவலாம். இவ்விடத்தில் இன்றைய கலை தெளிவாக முன்னேறியுள்ளது.

தெரியாமையைப் பதிவதிலும் ஹதீஸ் கலை அறிஞர்கள் நுட்பம் காட்டினர். ஒருவரே அவரிடமிருந்து அறிவித்து, யாரும் அவரை நம்பகமானவர் எனச் சொல்லவில்லையெனில் அவர் 'மஜ்ஹூலுல் ஐன்', ஆளே அறியப்படாதவர். இருவரோ அதற்கு மேற்பட்டவரோ அறிவித்திருந்து நம்பகம் மட்டும் உறுதியாகவில்லையெனில் 'மஜ்ஹூலுல் ஹால்', நிலை அறியப்படாதவர். கணினியில் வெற்றிடமாக விடப்படும் கட்டத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு என்பதைக் காட் தம் 1990-ஆம் ஆண்டு நூலில் வலியுறுத்தினார். உரிய செய்தி இருந்தும் நமக்குக் கிட்டவில்லை என்பது வேறு. அச்செய்தி அவருக்குப் பொருந்தவே பொருந்தாது என்பது வேறு. வகைப்பாடுகள் ஒன்றல்ல. ஆயினும் தெரியாமையில் வகை உண்டு, அதையும் எழுத வேண்டும் என்னும் உணர்வு இரண்டிலும் பொதுவானது.

நம் பெயர்களும் படிவக் கட்டங்களும்

இவையெல்லாம் ஏட்டுச் செய்திகளாக மட்டும் நின்றுவிடவில்லை. நம் சமுதாயத்தில் ஒவ்வொரு குடும்பமும் இதன் விளைவை அறியும். மேலை நாட்டுப் பெயர் வழக்கை ஒட்டி வகுக்கப்பட்ட படிவங்களில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரு கட்டங்கள் உள்ளன. தமிழருக்குக் குடும்பப்பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து உண்டு. அப்துல் காதர் என்னும் பெயரை இரு கட்டங்களில் பிரித்து எழுதினால், 'இன்னாருக்கு அடியான்' என்னும் அரைச்சொல் ஒரு கட்டத்திலும், இறைவனின் திருநாமம் மறு கட்டத்திலும் தனித்து நிற்கும். அரபு இலக்கணம் அறிந்தவருக்கு இது பெயரே அன்று. முஹம்மது என்பதை ஆங்கில எழுத்தில் எழுதும்போது பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம், குடும்ப அட்டையில் ஒரு விதம், கடவுச்சீட்டில் ஒரு விதம். மூன்றும் ஒரே ஆளுடையவை என்று நிறுவ அவர் அலுவலகம் அலுவலகமாக அலைகின்றார். ஒருவரை இருவராகப் பிரித்த பிழை இது. மாறாக, ஒரே ஊரில் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் கொண்ட இருவர் ஒருவராகச் சேர்க்கப்பட்டு, ஒருவருக்குரிய உதவி மற்றவர் கணக்கில் வரவு வைக்கப்படவும் கூடும்.

ஒலி ஒத்த பெயர்களைச் சேர்த்துக் காண அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் 1918-இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை இன்றும் பல தரவுத்தள மென்பொருள்களில் உள்ளது. பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்து, பின்வரும் மெய்யொலிகளை எண்களாக மாற்றுவது அம்முறை. முஹம்மது என்பதை ஆங்கிலத்தில் எவ்வாறு எழுதினாலும் பெரும்பாலும் ஒரே குறியீடு கிடைக்கும். ஆனால் காதர் என்பதை ஒருவர் 'கே' எழுத்திலும், ஒருவர் 'சி' எழுத்திலும், ஒருவர் 'க்யூ' எழுத்திலும் தொடங்குவர். முதலெழுத்து மாறியதும் குறியீடு மாறிவிடும்; மூவரும் ஒருவருக்கொருவர் அயலாராகிவிடுவர். கருவியின் மீது குற்றமில்லை. அது ஆங்கிலப் பெயர்களுக்காகப் பிறந்தது. அதை இங்கே பயன்படுத்துபவர் இங்குள்ள பெயர்களை அறிந்திருக்க வேண்டும்.

முதுகலைக் கல்வியின் கடமை இங்கேதான் உள்ளது. அட்டவணையை வரையவும் வினவலை எழுதவும் சில மாதங்களில் பழகிவிடலாம். எந்தச் செய்தி எதைச் சார்ந்தது, எந்த அடையாளம் எவரைப் பிரித்துக் காட்டும் என்று கேட்கும் பழக்கம் அவ்வளவு விரைவில் வருவதில்லை. மதரஸாவில் ரிஜால் ஓதிய மாணவர் ஒருவர் பின்னர்க் கணினிக் கல்விக்குச் செல்வாரானால், இப்பழக்கத்தில் ஒரு பகுதியை ஏற்கனவே பெற்றவராகச் செல்கின்றார். அதை அவருக்கு எடுத்துச் சொல்வாரில்லை என்பதே குறை.

இறுதியாக, மூன்றாம் தீர்ப்புக்கு வருவோம். சான்றுகள் போதாதபோது ஹதீஸ் கலை அறிஞர்கள் 'தவக்குஃப்' செய்தனர். அதாவது ஆம் என்றோ அன்று என்றோ சொல்லாமல் நிறுத்தி வைத்தனர். அவ்வாறு நிறுத்துவது அறியாமையாகக் கருதப்படவில்லை, அறிவின் ஒழுக்கமாகவே மதிக்கப்பட்டது. ஃபெலேகியும் சன்டரும் தம் கோட்பாட்டில் அதே இடத்தை விட்டு வைத்தனர். ஆனால் அவ்விடத்தை நிரப்ப ஊதியம் பெறும் மனிதர் தேவை; அவருக்கு நேரமும் பொறுமையும் தேவை. செலவைக் குறைக்க விரும்பும் நிறுவனம் முதலில் நீக்குவது அவரையே. அதன்பின் இயந்திரம் ஆம் அல்லது அன்று என்னும் இரண்டை மட்டுமே சொல்லும். ஐயத்துக்குரிய பதிவுகளும் அவ்விரண்டில் ஒன்றில் தள்ளப்படும். அப்பதிவுகளுக்கு உரியவர்கள், நாம் மேலே சொன்ன, அலுவலகங்களுக்கு அலைபவர்கள். நாளை ஒரு நிறுவனத்தின் தரவுகளை வடிவமைக்கும் பொறுப்பு நம் மாணவர் ஒருவரிடம் வரும்போது, ஐயத்துக்குரிய பதிவுகளுக்கென ஒரு தனிப் பட்டியலும், அதை அமர்ந்து பார்க்க ஓர் ஆளும் வேண்டும் என்று அவர் முதல் நாளிலேயே கேட்பாராக.